ஏழாவது பதிப்பின் வெள்ளை

எங்கள் வீட்டில் ஒரே படம் ஏழு தடவை இருக்கிறது. இரண்டு வீடியோ கேசட், ஒரு விசிடி, மூன்று டிவிடி, கடைசியாக வந்த ப்ளூரே ஒன்று. கேட்டால் ஏழும் வேறு வேறாம். ஒன்றில் ஓரத்தை வெட்டியிருப்பார்களாம், ஒன்றில் பாட்டு பாதியில் குதிக்குமாம், இன்னொன்றில் கதாநாயகியின் முகம் தக்காளியாய்ச் சிவந்திருக்குமாம். என் வீட்டுக்காரர் இவற்றையெல்லாம் காட்சி காட்சியாகப் பார்த்து, ஒரு நீள நோட்டில் மார்க் போட்டு வைப்பார்.

அவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலி அரை அடி தள்ளி நின்றால்கூட விடமாட்டார். நிலம் கையை விட்டுப் போனதும் படத்தைப் பிடித்துக்கொண்டார். எந்தப் பழைய படத்துக்கு எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று இணையத்தில் எழுதுவார். வாசிக்கிறவர்கள் அவரை ‘ஜட்ஜ்’ என்பார்கள். வீட்டில் அந்தப் பட்டத்தை யாரும் மதிப்பதில்லை. ஒப்பிடும்போது டிவியின் சத்தத்தை அணைத்துவிடுவார். காது சேர்ந்தால் கண் ஏமாந்துவிடுமாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருடம் காதால் சம்பாதித்தவள் நான். என்னிடமே அப்படிச் சொல்வார்.

அந்த ஏழாவது பதிப்புக்கு நிறம் சரிசெய்தவள் எங்கள் மகள். பழைய படங்களின் நெகட்டிவைச் சுத்தம் செய்து, கீறலை எடுத்து, மங்கிய நிறத்தை மீட்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. எத்தனையோ படங்கள் செய்திருக்கிறாள். ஆனால் இது அப்பாவின் படம். பதினாலு மாதம் இருட்டு அறையில் உட்கார்ந்து செய்தாள். டிஸ்க் வந்ததும் முதல் பிரதியை எங்களுக்கு அனுப்பிவிட்டு, தினம் இரண்டு வேளை எனக்குப் போன் போட்டாள்.

“அப்பா பாத்தாச்சாம்மா? என்ன சொன்னாரு?”

அப்பா மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள் எழுதினார். நூற்றுக்கு அறுபத்திரண்டு. ‘வெள்ளையெல்லாம் டீயில் முக்கி எடுத்தது போல் இருக்கிறது. கூர்மை போய்விட்டது. விடியற்காலைக் காட்சியைச் சாயங்காலம் ஆக்கிவிட்டார்கள்.’ அதோடு நிறுத்தினாரா? கடைசியில் ஒரு வரி: ‘இதற்கு நிறம் சரிசெய்தவர் என் மகள். அதற்காக ஒரு மார்க்கும் கூட்டவில்லை.’

எனக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

“ஊருக்கெல்லாம் அதைச் சொல்லணுமா? வீட்டோட சொன்னா ஆகாதா?”

“காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு நாலு பேர் சொல்லுவாங்க. அந்தப் பேர் எனக்கு வேண்டாம்.”

“சரி, அந்த மூணாவது டிவிடியைத்தானே தலையில வச்சுக் கொண்டாடுறீங்க? அதைப் போட்டுப் பக்கத்துல வச்சுப் பாருங்களேன்.”

“எதுக்கு? எட்டு வருஷம் முன்னாடியே நோட்டுல எழுதியாச்சு. தொண்ணூத்தியொண்ணு. அளந்த நிலத்தை யாராவது திரும்ப அளப்பாங்களா?”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரிடம் என்ன பேசுவது?

மகள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “சரிம்மா. அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. நானாகக் கூப்பிட்டால் எடுப்பாள், வேலை இருக்கிறது என்று இரண்டே நிமிஷத்தில் வைத்துவிடுவாள். இப்படி இரண்டு மாதம். அவரும் போனைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், கேட்கமாட்டார். கேட்டால் கிரீடம் இறங்கிவிடும் அல்லவா?

இதற்கு நடுவில் எனக்கு வேறொரு தலைவலி. ஒரு வருடமாகவே தம் சட்டைகள் பழுப்பேறிவிட்டதாகப் புலம்பிக்கொண்டிருந்தார். சோப்புத்தூளை மாற்றினேன். நீலம் போட்டேன். கூடத்து விளக்கு மங்கல் என்று பல்பை மூன்று தடவை மாற்றினார். அன்று காலை பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, “என்னக்கா போட்டு வெளுக்கறீங்க? கண்ணு கூசுது” என்றாள். அவள் உள்ளே போனாளோ இல்லையோ, இவர் வந்து அதே சட்டையின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“டீயில முக்கினாப்புல இருக்கு” என்றார்.

என் கையில் இருந்த கிளிப் அப்படியே நின்றது. இந்த வார்த்தையை நான் இதற்கு முன்பே படித்திருக்கிறேன்.

எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். லைனில் கோளாறு என்றால், எந்த முனையில் என்று பார்க்காமல் ஆளைக் கம்பத்தில் ஏற்றாதே. நான் அன்று மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து டிஸ்க்கைப் போட்டு, சத்தத்தை அணைத்து, தயாராக உட்கார்ந்தேன்.

“என்னங்க, அந்தப் புதுசுல அப்படி என்னதான் குத்தம்? எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்.”

முப்பத்துநான்கு வருடத்தில் நான் கேட்காத கேள்வி. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. தலையைக்கூடத் துவட்டாமல் வந்து உட்கார்ந்தார். மொட்டை மாடியில் விரிப்புகள் காய, நடுவே கதாநாயகி ஓடுகிற காட்சி.

“பாத்தியா வெள்ளையை? பழுப்பு. பின்னாடி செவுத்துல ஒரு விரிசல் இருக்கு, தெரியுதா உனக்கு? தெரியாது. மூணாவது டிவிடியில பளிச்சுனு தெரியும். நம்ம பொண்ணு அதையே அழிச்சுட்டா.”

நான் படத்தை நிறுத்தினேன். டிஸ்க்கை வெளியே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், ஜன்னல் பக்கம் திருப்பினார். அவருக்குப் படிக்க முடியவில்லை. நானே படித்துச் சொன்னேன்.

“மூணாவது டிவிடி. தொண்ணூத்தியொண்ணு மார்க்.”

முகத்தில் ஈயாடவில்லை. “பிளேயர் பழசாயிடுச்சு” என்றார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எழுந்து சட்டையைப் போடுங்க, கண் டாக்டர்கிட்ட போறோம்.”

அவர் எழுந்திருக்கவில்லை. “அவளைப் போயி...” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. “இதை வச்சுக்கிட்டா தனியா ரோடு கிராஸ் பண்ணீங்க?” என்று டாக்டர் அதட்டினார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. முகம் தெரியாதவர்கள் குரலில் இருந்தே ஜுரம் கண்டுபிடித்தவள் நான். கூடவே இருக்கிற மனுஷனுக்குக் கண் போவது தெரியாமல் சோப்புத்தூள் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அவ்வளவு நாளும் அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி என் மேல் திரும்பியது.

முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். மறுநாள் கட்டைப் பிரித்ததும் என்னை உற்றுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“பழைய பதிப்போட ஒப்பிடாதீங்க” என்றேன்.

“அங்கங்க கொஞ்சம் கீறல் இருக்கு. படம் அதே படந்தான்” என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள். நான் அவர் கையைக் கிள்ளினேன்.

வீட்டுக்கு வந்ததும் கொடியில் தொங்கிய சட்டையை வலது கண்ணால் பார்த்தார், இடது கண்ணால் பார்த்தார், மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் டீ. சோப்புத்தூளுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஏழாவது டிஸ்க்கைத் தேடினார். நான் எடுத்து ஒளித்து வைத்திருந்தேன்.

“தனியாப் பாக்கக்கூடாது. அவளைக் கூப்பிடுங்க.”

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்?”

நானே நம்பரைப் போட்டேன். அவள் எடுத்ததும், “பேசுங்க, லைன்ல இருக்காங்க” என்று அவர் காதில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். வேலையில் இருந்தபோது எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்து வைத்திருப்பேன், ஒரு தடவைகூட என் நெஞ்சு இப்படி அடித்ததில்லை.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். ஆபரேஷனைச் சொல்லாததற்கு என்னைத் திட்டினாள். அப்பாவைப் பார்த்து, “வலிக்குதாப்பா?” என்றாள். அவ்வளவுதான். மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்தோம்.

இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். விரிப்புகள் காய்கிற காட்சி வந்தது. எழுந்து டிவிக்குக் கிட்டே போனார். திரும்ப ஓடவிடச் சொன்னார். அந்தச் சுவரின் விரிசல் எனக்கே தெரிந்தது.

“விடியக்காலை” என்றார். “நல்ல விடியக்காலை.”

வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து வருடமாக எழுதுகிறார், ஒரு மார்க்கைக்கூட மாற்றியவர் இல்லை.

“தப்பு பண்ணிட்டேம்மா. குத்தம் உன் படத்துல இல்ல, என் கண்ணுல. நாலு பேர் முன்னாடி உன் வேலையை அசிங்கப்படுத்திட்டேன். இன்னிக்கே மாத்தி எழுதுறேன், காரணத்தோட எழுதுறேன்.”

மகள் சோபா உறையில் பிரிந்திருந்த ஒரு நூலைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

“நீங்க எழுதினதைப் படிச்சதும் மானிட்டரை மாத்தினேன்பா. அப்புறம் ரூம் லைட்டை மாத்தினேன். எப்படிப் பாத்தாலும் எனக்கு வெள்ளை வெள்ளையாத்தான் தெரிஞ்சுது. அப்பாவுக்கு டீ மாதிரி தெரியுது, எனக்குத் தெரியலன்னா...”

“தெரியலன்னா?”

“என் கண்ணு போச்சுன்னு நினைச்சேன். டாக்டர்கிட்ட போனேன். ஒண்ணும் இல்லன்னாரு. நம்பிக்கை வரல. இன்னொரு டாக்டர்கிட்டயும் போய்க் காட்டினேன்.”

பொத்தியிருந்த கை கீழே விழுந்தது. புதுக் கண்ணும் பழைய கண்ணும் ஒன்றாகக் கொட்ட ஆரம்பித்தன.

“அழக்கூடாதுங்க! கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் அவ்வளவு சொல்லி அனுப்பினாரே!” என்று நான் கத்தினேன்.

மகள் கைக்குட்டையை எடுத்தாள். கண்ணில் பட்டுவிடாமல், கன்னத்தை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.