மேட்டு வயலுக்குக் கீழே ஒரு கிணறு

மேட்டில் அவன் வயல். சரிவின் அடியில் தங்கையின் வீடும் கிணறும். ஊரார் ஒரு மூட்டை யூரியா போடும் இடத்தில் இரண்டு போடுவான்; அதனால் 'மூட்டை' என்றே அவனுக்குப் பட்டப்பெயர்.

"மண்ணைப் பரிசோதிச்சுட்டுப் போடுங்க. பயிர் எடுத்தது போக மிச்சம் எங்க போகும்?" என்று விவசாய அதிகாரி அம்மா இரண்டு முறை வந்து கேட்டார்.

"மண்ணுக்குப் போட்டது மண்ணுலதாம்மா இருக்கும்" என்று சிரித்து அனுப்பினான்.

அந்த வருடம் உரம் வீசிய மறுநாளே மழை கொட்டித் தீர்த்தது. தங்கையின் இரண்டு மாதக் குழந்தைக்குப் பால்பவுடர்தான். சில வாரங்களில் ஒரு காலை, அதன் உதடு மை தொட்டதுபோல் நீலமாயிருந்தது. அவன்தான் மருத்துவமனைக்கு அள்ளிக்கொண்டு ஓடினான்.

"எந்தத் தண்ணியில பால் கலந்தீங்க?" என்றார் மருத்துவர்.

"கிணத்துத் தண்ணி டாக்டர். நல்லா கொதிக்க வெச்சுதான்" என்றாள் தங்கை.

"உரத்தோட உப்பு கிணத்துல இறங்கியிருக்கும்மா. கொதிச்சா போகாது, இன்னும் கூடும்."

மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"விதி" என்றார் தங்கையின் கணவர். யாராவது சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அதன்பின் மூட்டையைப் பிரித்தால் வெள்ளைக் குருணை பால்பவுடராகவே தெரிந்தது. மழை வந்தால் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான். வரப்பில் நின்று, கீழே ஓடும் தண்ணீரையே பார்ப்பான்.

பிறகு அவனே மண்ணை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனான். உரத்தைப் பாதியாக்கி, பிரித்துப் பிரித்து வேரடியில் இட்டான். வானம் இருண்டால் மூட்டையைத் தொடமாட்டான். உரம் கீழே ஓடாமலிருக்க, தன் வயலின் சரிவோரம் நெடுகப் பத்தடி அகலத்துக்குப் புல் வளர்த்தான். விளைச்சல் குறையவில்லை.

"மூட்டை, புல்லு வளர்க்க மானியம் கீனியம் குடுக்கறாங்களா?" என்று பக்கத்து வயல்காரர் கேட்டார்.

"ஆமாண்ணே" என்றான். வேறென்ன சொல்வது? அவர் விசாரித்துப் பார்த்ததில் உண்மையிலேயே ஏதோ கொடுத்தார்கள். மற்றவர்களும் வளர்க்க, இரண்டே வருடத்தில் பாதிச் சரிவு புல்லானது.

நான்காம் வருடம் தங்கை மறுபடி உண்டானாள். கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனைச் சீட்டோடு கிணற்றடிக்கு வந்தாள்.

"தண்ணி சுத்தமாயிடுச்சுன்னு எழுதியே குடுத்துட்டாங்கண்ணா. பொறக்கப்போற குழந்தைக்குக் குடுக்கலாம்ல?"

அவன் எட்டிப் பார்த்தான். அடியில் கிடந்த கல்கூடத் தெரிந்தது.

"அப்பவும் இப்படித்தாம்மா தெளிவா இருந்துச்சு."

அவள் சீட்டை மடித்துக்கொண்டாள். மறுநாள் முதல் அவன் இரண்டு கேன்களைச் சைக்கிளில் கட்டி, ஊர்க்குழாய்த் தண்ணீரை அவள் வாசலில் இறக்கிவைத்தான். அவள் உள்ளே எடுத்துப்போனாள்.