துரைக்கு உடைத்த தேங்காய்

அரியலூர் கடைவீதியில் எதிர்க்கடை தர்மன் ஷட்டர் போட்ட நாளிலிருந்து மாயவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் ஒரே இழுப்பில் கடையைத் திறந்துவிடுகிறான். இவர் தாத்தா காலத்துப் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்குவதற்குள் வந்த ஆள் அந்தப் பக்கம் போய்விடுகிறான். தேக்குத் தூணும் வளைவும் இருந்து என்ன பிரயோசனம்? முகப்பை இடித்து ஷட்டர் போட்டே தீருவது என்று கிளம்பிவிட்டார்.

கொத்தனார் பாவாடை கடப்பாரையோடு வந்தான். அண்ணாந்து பார்த்ததும் அதைக் கீழே வைத்துவிட்டான்.

"நம்மால ஆவாதுங்க. மேல கருப்பசாமி நிக்குறாரு."

முகப்பு உச்சியில் ஒரு சுதைப் பொம்மை. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பில் மூக்கும் முழியும் மழுங்கிப்போய், தலையில் ஏதோ முண்டாசு, கையில் ஏதோ அரிவாள். சந்தைக்கு வருகிற சனம் அதைக் கருப்பு என்று சொல்லி, வெள்ளிக்கிழமை தவறாமல் கடைவாசலில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தது.

"கருப்பாவது கிருப்பாவது!"

மாயவன் தானே ஏணி வைத்து ஏறிச் சுண்ணாம்பைச் சுரண்டினார். அது ஏடு ஏடாக உதிர்ந்தது. முண்டாசு தொப்பியானது. அரிவாள் துப்பாக்கியானது. காலில் பூட்ஸ் வேறு. அடேயப்பா, அசல் வெள்ளைக்காரத் துரை! தாத்தா ஆசைப்பட்டு வைத்த காவல் பொம்மை.

"பாத்துக்கிட்டீங்களா? இத்தனை வருசமா துரைக்குத்தான் சூடம் காட்டியிருக்கீங்க!"

வீதியே கூடிச் சிரித்தது. எதிரே தர்மன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பாவாடை அசடு வழிந்தபடி கடப்பாரையை எடுத்தான்.

அப்போது மாயவனின் மனைவி குஞ்சம்மாள் கையில் தேங்காயோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"கடப்பாரைய கீழ போடு, பாவாடை." பிறகு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். "போன ஐப்பசியில நீங்க காய்ச்சல்ல நெனவில்லாம கெடந்தப்ப டாக்டரே கைய விரிச்சுட்டாரு. நான் இவரப் பாத்துத்தான் அழுதேன். தொப்பி போட்டிருந்தா என்ன, கேட்டதக் குடுத்தாரா இல்லியா?"

சிரிப்பு அடங்கிவிட்டது. ஏணியில் நின்ற மாயவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துரையின் முகத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூளைத் துடைத்துவிட்டார். பிறகு இறங்கி வந்து தேங்காயை வாங்கித் தானே உடைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை அவர் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, முதல் ஆளாகத் தேங்காயோடு தர்மன் வந்து நின்றான்.

"அண்ணே, ஷட்டரு பாதியில மாட்டிக்கிச்சு. ஏறவும் மாட்டேங்குது, எறங்கவும் மாட்டேங்குது. துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."