கண்ணாடி ஏற்றிய லோரி

விடியும்போதே எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். கீழே நிற்கும் காளியம்மா கூர்க்கம்பியால் குலையைக் குத்தித் தூக்கி வீச, லோரி மேல் நிற்கும் செல்லன் அதைக் காலால் தள்ளி அடுக்குவான். முள் கையைக் கிழிக்கும். பனி ஈரமும் பழத்து எண்ணெயும் சேர்ந்து உள்ளங்கை வழுக்கும். மலேசியாவின் அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டத்தில் எண்பத்து மூன்றாம் ஆண்டு மார்ச் மாதம், சூரியன் வருவதற்கு முன்பே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

இருசப்பன் தன் லோரியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது குலைகளை அல்ல, முன்னால் நின்ற நல்லசாமியின் லோரியை.

ஜப்பானில் ஓடிக் களைத்த அந்த வண்டியை லோரி முதலாளி நாராயணசாமி போன வருடம் வாங்கிவந்தார். குளிரூட்டும் ஏர்கோனும் இருந்தது, குளிர்நாட்டு வண்டி என்பதால் ஹீட்டரும் இருந்தது. செம்பனை விலை இறங்கிவிட்டது என்று டிரிப் கூலியைக் குறைத்த அதே வாரம், அதிக டிரிப் அடிக்கிறவனுக்கு ஏர்கோன் லோரி என்று அறிவித்தார். கூலியைப் பற்றிப் பேச வேண்டிய வாய்களெல்லாம் லோரியைப் பற்றிப் பேசின. முதலாளிக்கு அவ்வளவு சுலபமாக முடிந்த காரியம் அது. போட்டியில் நல்லசாமி ஜெயித்தான்.

சாயங்காலம் மற்ற டிரைவர்கள் ஊறப்போட்ட துணி மாதிரி இறங்குவார்கள். நல்லசாமி சீவிய தலை கலையாமல் இறங்குவான். இருசப்பனுக்கு வயிறு பற்றி எரியும். இரண்டு பேரும் ஒரே நாளில் லைசன்ஸ் எடுத்தவர்கள், ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு. வீட்டுக்கு வந்தால் மனைவி திலகம் வேறு.

"நல்லசாமி அண்ணன் சட்டையில சாயங்காலம்கூட பவுடர் வாசனதான் அடிக்குதாம்."

"அடுத்தவன் சட்டைய நீ எதுக்கு மோந்து பாக்குற?"

"நான் எங்க பாத்தேன். அவரு பொண்டாட்டி அம்சவள்ளி சொல்லுச்சு."

அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி கடைசி ஞாயிறு, முதலாளி அவனைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். இருசப்பனுக்கு ரிப்பேர் வேலையும் தெரியும்.

"நல்லசாமி லோரி ஏர்கோன முழுசா கழட்டிடு. மருமகன் வேனுக்கு வேணும். ஹீட்டர் கெடக்கட்டும்லா, அத எவன் கேப்பான்."

இருசப்பன் கல்யாண வேலை போலச் செய்தான். கேஸைத் திறந்துவிட்டபோது அது சீறிக்கொண்டு போன சத்தம் அவனுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. கம்ப்ரசரை இறக்கினான், பெல்ட்டை மாற்றினான், டேஷ்போர்டுக்கு அடியிலிருந்த குளிர்ப்பெட்டியை உருவினான். ஹீட்டரை மட்டும் பழையபடி இறுக்கி, மிச்ச ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்தான்.

மறுநாள் நல்லசாமி வேர்த்து வழிவதைப் பார்க்கக் காத்திருந்தால், அவன் யார் முன்னாலும் ஜன்னல் கண்ணாடியை இறக்கவே இல்லை. ஏர்கோன் போனது தெரிந்தால் மானம் போய்விடுமென்று, ஆள் கண்ணில் படுகிற இடத்திலெல்லாம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். மறைவாக வண்டியை நிறுத்தி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து இறங்கினான். உண்மை தெரிந்த தொழிலாளி இருசப்பன் ஒருவன்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நல்லசாமி கண்ணாடியை இறக்கிவிடுவானே.

மார்ச்சில் அந்த லோரியின் ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது. இன்ஜின் கொதிக்கிறது என்று நல்லசாமி பட்டறையில் முறையிட்டபோது இருசப்பனும் பக்கத்தில் இருந்தான்.

"ஹீட்டரத் தொறந்து விட்டு ஓட்டு," என்றார் முதலாளி. "இன்ஜின் சூடு உள்ள வந்துரும். வண்டி நிக்காது."

வண்டிக்கு அது சரியான வைத்தியம்தான். உள்ளே உட்கார்ந்திருப்பவனைப் பற்றி அந்த வைத்தியத்தில் ஒன்றுமில்லை.

அடுத்த நாள் உச்சி வெயிலில், எண்ணெய் ஆலையில் குலை இறக்கிவிட்டுத் தஞ்சோங் காராங் சாலையில் இருசப்பன் திரும்பிக்கொண்டிருந்தான். எதிரே நல்லசாமி. இவனைக் கண்டதும் கண்ணாடி மேலேறியது. இருசப்பன் வேண்டுமென்றே பக்கத்தில் நிறுத்தினான். ஆலையில் வரிசை நீளம் என்றான், டயரைப் பற்றிக் கேட்டான், மழை எப்போது வரும் என்றான். கண்ணாடிக்குப் பின்னால் நல்லசாமி தலையாட்டிச் சிரித்தான்; முகத்தில் தண்ணீர் ஊற்றியதுபோல் வேர்வை ஓடியது. இருசப்பனுக்கு அதில் அவ்வளவு இன்பம்.

நகர்ந்துபோன லோரி வளைவில் திரும்பவில்லை. நேராக வாய்க்காலில் சரிந்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் அனல் அடித்தது. நல்லசாமி ஸ்டீரிங்கில் கவிழ்ந்து மயங்கிக் கிடந்தான். பின்னால் குலைகள் மேல் உட்கார்ந்து வந்த செல்லன், அவற்றுக்கு அடியில் கால் முறிந்து அலறினான்.

"கண்ணாடிய ஏண்டா ஏத்துன," என்று நல்லசாமியை மடியில் போட்டுக்கொண்டு இருசப்பன் அழுதான். ஏன் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்.

மறுநாள் காலை, இழுத்து வரப்பட்ட லோரிக்கு முன்னால் முதலாளி எல்லாரையும் கூட்டினார்.

"நல்லசாமி தூங்கிட்டான். அவன வேலைய விட்டு நிப்பாட்டியாச்சு. செல்லன் தினக்கூலி ஆளு, அவனுக்கு நான் பொறுப்பில்ல. இருசப்பா, வண்டிக்குப் பெருசா அடி இல்ல. நல்ல ஏர்கோன் வண்டி. இனிமே இது உன் லோரி."

எத்தனை நாள் ஆசைப்பட்ட சாவி. வெட்கத்தோடு சொல்ல வேண்டியதுதான், அவன் கை நீண்டது, வாங்கியும்கொண்டது. ஏறி உட்கார்ந்தான். இன்ஜினை உறுமவிட்டான். நேற்றைய அனல் இன்னும் அவன் கன்னத்தில் இருந்தது. ஹீட்டரை முழுதாகத் திறந்து, கண்ணாடியை ஏற்றி, வண்டி சூடேறும்வரை அப்படியே இருந்தான். பிறகு மறுபக்கக் கதவைத் திறந்தான்.

"ஏறுங்க முதலாளி."

"எதுக்கு?"

"ஆலை வரைக்கும் போய்ட்டு வருவோம். நல்லசாமி தூங்குனானா இல்லயான்னு தெரிஞ்சுரும்."

முதலாளி படியில் ஒரு காலை வைத்தார். அனல் முகத்தில் அடித்ததும் காலை எடுத்துக்கொண்டார். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"என்ன முதலாளி, ஏர்கோன் வண்டிதான?" என்றாள் காளியம்மா.

"ஏர்கோன் இல்ல," என்று இருசப்பன் இறங்கினான். "நான்தான் கழட்டுனேன். இவரு மருமகன் வேன்ல ஓடுது. ஹீட்டரத் தொறந்து ஓட்டச் சொன்னதும் இவருதான். எனக்கு வயித்தெரிச்சல், தெரிஞ்சும் சொல்லல. நம்மள ஒருத்தன் மேல ஒருத்தன் எரிய விட்டுட்டு, கூலியக் கொறச்சவரு நல்லா இருக்காரு."

சாவியை முதலாளியின் காலடியில் வைத்தான். தேவதாஸ் என்ற இன்னொரு டிரைவரும் தன் சாவியைக் கொண்டுவந்து வைத்தான். மற்றவர்களும் வந்தார்கள்.

"குலை அழுகிரும்டா," என்றார் முதலாளி. "ஆலையில எடுக்க மாட்டான்."

"அழுகட்டும்," என்றாள் காளியம்மா. "செல்லனுக்கு வைத்தியம் பாருங்க, நல்லசாமிய வேலைக்குக் கூப்பிடுங்க, கூலியப் பழையபடி குடுங்க. அப்புறம் ஏத்துறோம்."

"கோலா குபு பாரு டவுன்லேர்ந்து வேற டிரைவர் கொண்டாருவேன்."

"கொண்டாங்க," என்றான் தேவதாஸ். "அவனையும் இந்த வண்டியில கொஞ்ச நேரம் ஒக்கார வைப்போம்."

முதலாளி காரை எடுத்துக்கொண்டு போனார். அவர்கள் பட்டறைக்கு வெளியே பலகையில் உட்கார்ந்தார்கள். குலைகள் மேல் ஈ மொய்க்க ஆரம்பித்தது.

மத்தியானம் தலையில் கட்டோடு நல்லசாமி ஆஸ்பத்திரியிலிருந்து டாக்சியில் வந்து இறங்கினான். எல்லாரும் அவனிடம் ஓடினார்கள். தேவதாஸ் அவனைப் பலகையில் உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தான். காளியம்மா தலைத்துண்டால் விசிறினாள். தள்ளி நின்ற இருசப்பனை யாரும் கவனிக்கவில்லை. இந்த நேரத்திலும் அவனுக்கு அடிவயிற்றில் லேசாக எரிந்தது. மனுஷன்தானே.

நல்லசாமி அவனைத்தான் தேடினான்.

"ஏர்கோன் போனது ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல."

"கேட்டா நீ கண்ணாடிய எறக்கிருவ."

நல்லசாமி பலகையில் நகர்ந்து இடம் விட்டான்.

"ஒக்காரு. காத்து இந்தப் பக்கந்தான் வருது."

இருசப்பன் உட்கார்ந்தான். முதலாளியின் கார் செம்மண் சாலையில் திரும்பி வருவது தெரிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.