உருண்டால் குற்றமில்லை

...தூக்கிக்கொண்டு போனால்தானே குற்றம், தானாக உருண்டு போனால் எந்தச் சட்டம் வந்து என்ன செய்யும், என்று ஹெப்சிபா நூறாவது தடவையாக நினைத்தாள், கை காலுறை பின்னிக்கொண்டிருந்தது, கண் மட்டும் கொட்டகையை விட்டு நகரவில்லை. கொட்டகையா அது, வெர்மாண்ட் மலைச்சரிவில் எல்லைக்கு ஓரடி இந்தப் பக்கம் நாலு பலகையை நிறுத்தி, கனடாவைப் பார்த்த சுவருக்கு ஒரே ஒரு முட்டுக்கட்டை கொடுத்திருந்தாள், அது நழுவினால் போதும், உள்ளே இருக்கும் பதினொரு பீப்பாய் பொட்டாஷ் சாம்பலுப்பும் குடுகுடுவென்று எல்லை தாண்டி அக்காள் புருஷன் ஜாபெஸின் புல்வெளியில் போய் நிற்கும். இந்த வருஷம் இந்தப் பக்கம் எல்லோரும் கொட்டகை கட்டுவதே விழுவதற்குத்தான். வெளிநாட்டுக்கு ஒரு பொருளும் போகக்கூடாதென்று ஜனாதிபதி சட்டம் போட்டு எட்டு மாதம்... இங்கிலாந்துக்காரன் நம் கப்பலைப் பிடிக்கிறானாம், அவனுக்குப் புத்தி வர நாம் விற்காமல் வயிற்றைக் கட்ட வேண்டுமாம், மூக்கை அறுத்துக்கொண்டு அடுத்தவனுக்குச் சகுனத்தடை செய்கிற கதை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை ஆளாய் மரம் வெட்டி, எரித்து, சாம்பலைக் கரைத்து வடித்துக் காய்ச்சிய சரக்கு இது, இன்று மதியம் ஜாபெஸின் தெப்பம் மான்ட்ரியாலுக்குக் கிளம்புகிறது, அதில் ஏறாவிட்டால் மழை ஈரத்தில் எல்லாம் கூழாகிவிடும், அப்புறம் நிலத்தை விட்டுவிட்டு கனெக்டிகட்டில் அண்ணிக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான், வா என்று அண்ணன் கடிதமே போட்டுவிட்டான்... போகமாட்டேன், செத்தாலும் போகமாட்டேன்.

முட்டுக்கட்டையை இவளே தட்டிவிடலாம், ஆனால் மனிதக் கை பட்டால் அது கடத்தல், அந்தக் கையைப் பிடிக்கத்தான் சுங்கக் காவலன் எல்நாத்தான் ஒன்பது வாரமாகக் காலையில் வந்து பொழுது சாயும்வரை அந்த முட்டுக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்கிறான். மனைவியை இழந்தவன், நல்ல மனுஷன்தான், ஆனால் காவல் என்றால் காவல். முதல் வாரம் தன் மூட்டையிலிருந்து காய்ந்த ரொட்டியைத் தின்றான், பார்க்கச் சகிக்கவில்லை, இவள்தான் சோளரொட்டி கொடுத்தாள், "லஞ்சமா இது?" என்றான், "லஞ்சம்னா நல்லாச் சுட்டிருப்பேன்" என்றாள், அன்றிலிருந்து மூட்டை கொண்டுவருவதை நிறுத்திவிட்டான், கில்லாடி. இன்றைக்கு என்ன இது... வழக்கமாக மேப்பிள் மரத்தில்தானே குதிரையைக் கட்டுவான், இன்று கொட்டாவி விட்டுக்கொண்டே முட்டுக்கட்டையில் கட்டிவிட்டு வந்து ரொட்டிக்குக் கை நீட்டுகிறானே. சொல்லலாமா? சொல்லத்தான் வேண்டும்... யார் வேண்டாமென்றது, வாயில் நூல் இருக்கிறதே. கீழே ஜாபெஸ் சீட்டியடித்தான், கிளம்பப் போகிறான். ஹெப்சிபா மடியிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்தாள், பசித்தது, அவ்வளவுதான், சொந்த ஆப்பிளை ஒருத்தி தின்னக்கூடாதா, கடித்தாள், கொஞ்சம் சத்தமாகவே கடித்தாள், குதிரை தலையைத் தூக்கியது.

ஓரடி எடுத்து வைத்தது, இன்னோர் அடி, கயிறு விறைத்தது, அப்புறம் பலகை சரிகிற சத்தமும் பீப்பாய்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு சரிவில் இறங்குகிற சத்தமும், இவள் மனசுக்குள் எண்ணினாள், ஒன்பது, பத்து... பதினொன்று. "ஹெப்சிபா, எல்லாம் முழுசா வந்திருச்சு" என்று கீழிருந்து ஜாபெஸ் கத்தினான். வயிறு குளிர்ந்தது, அண்ணனுக்கு இன்றைக்கே பதில் எழுதிவிடலாம். எல்நாத்தான் மெதுவாக எழுந்து குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தான். "ஆப்பிள் கொடுத்தீங்களா?" "நான் தின்னேன், அது பாத்துச்சு, பாக்கிறது குத்தமா?" "அப்ப யாரு தள்ளினான்னு எழுதறது?" "அரசாங்கக் குதிரைன்னு எழுதுங்க அதிகாரியாரே, அதுமேல வழக்குப் போடட்டும்." சிரித்தான், இவளும் சிரித்தாள், சிரித்து முடிந்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது... முட்டு இல்லை, கொட்டகை இல்லை, நாளைக்கு இந்த மனுஷன் எதைக் காவல் காக்க மலை ஏறுவான்? சரக்குப் போயிற்று, நிலம் நின்றது, சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும், பின்னே ஏன் மிச்ச ஆப்பிளைத் தின்னத் தோன்றவில்லை. அவன் கயிற்றைச் சுருட்டினான், சுருட்டியதையே பிரித்து மறுபடி சுருட்டினான். "கொட்டகைய மறுபடி கட்டுவீங்களா?" என்றான், முகத்தைக் குதிரைப் பக்கம் திருப்பிக்கொண்டு. கேட்டது சுங்கக் காவலனா, இல்லை எல்நாத்தானா... ஹெப்சிபா கீழே சிதறிக் கிடந்த பலகைகளில் எத்தனை உடையாமல் இருக்கின்றன என்று பார்த்தாள்.