ஆஸியா பீவி வீட்டுப் பந்தலில் காலரா முகாம்

எழுபத்தெட்டில் திருமலைராயன்பட்டினத்தில் காலரா வந்தபோது, கபர்ஸ்தான் இடுகாட்டுக்குப் பக்கத்துக் காலியிடத்தில் முகாம் போட்டார்கள். காற்றோட்டமான மேட்டு நிலம், தண்ணீர் தேங்காது. ஆனால் முகாமுக்குள் போகிறவன் அப்படியே அடுத்த இடத்துக்கும் போய்விடுவான் என்று ஊரில் பேச்சு. நோயாளிகளைக் கொல்லையிலும் படகிலும் ஒளித்து வைத்தார்கள். முகாமில் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. வீடுகளில் சாவு விழுந்தது.

அப்போது வேலைக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் அன்னபூரணி அதை மறக்கவில்லை. மறுவருஷ மழையில் மறுபடி வாந்திபேதி தலைகாட்டியதும், சுகாதார ஆய்வாளர் உத்திராபதியைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் கேட்டாள்.

“முகாம எங்க போட்டா வருவீங்க?”

கடைத்தெருவில் மீனவர் குப்பத்தைச் சொன்னார்கள். குப்பத்தில் பள்ளிக்கூடத்தைச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் நாகூரைச் சொன்னார்.

“அது தமிழ்நாடு சார், நம்மது பாண்டிச்சேரி,” என்றார் உத்திராபதி.

“அதனாலதான் சொல்றேன்.”

அன்று மத்தியானம் ஆஸியா பீவி ஆள் அனுப்பினாள். அவள் மகள் கல்யாணம் முடிந்த வீடு, வாசலில் பந்தல்கூடப் பிரிக்கவில்லை. துபாயிலிருந்து லீவில் வந்து மாப்பிள்ளையான அப்துல் லத்தீப், உள்ளறையில் கண் குழிந்து சுருண்டு கிடந்தான்.

“வெளிய தெரியக்கூடாது டாக்டரம்மா. பொண்ணு வீட்டுச் சாப்பாட்டுலதான் வந்துச்சும்பாங்க.”

காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் ரோட்டில் ஆற்றுத்தண்ணீர். அன்னபூரணி யோசித்தாள். காய்ச்சி ஆறிய தண்ணீரில் அளவாக உப்பும் சீனியும் கலந்து விடாமல் கொடுத்தால் போதும். சீனி கல்யாணத்துக்கு வாங்கியது மீந்திருந்தது.

புது மருமகனிடம் மாமியார் நேரே பேசும் வழக்கமில்லை. ஆஸியா பீவி திரைக்குப் பின்னால் நின்றாள்.

“மாப்பிள்ளைய இன்னுங்கொஞ்சம் குடிக்கச் சொல்லுங்க.”

அன்னபூரணி சொன்னாள்.

“போதும்னு சொல்லுங்க,” என்றான் லத்தீப், ஈன சுரத்தில்.

அதையும் சொன்னாள். இப்படியே போனதில் நோயாளியைவிட டாக்டருக்குத் தொண்டை வறண்டது. கடைசியில் அவன் டம்ளரைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். திரை விலகியது. ஆஸியா பீவி உள்ளே வந்து டம்ளரைக் கையில் எடுத்தாள்.

“வாயத் தொறங்க. எம்மவ கையில மருதாணிகூட மங்கல.”

அவன் திறந்தான். அதற்குப் பிறகு மூடவே விடவில்லை.

சாயங்காலம் அவனுக்குச் சிறுநீர் நன்றாகப் போயிற்று. இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதும், மறைக்க வேண்டியதை மறந்து ஆஸியா பீவி வாசலுக்கு ஓடினாள். “மாப்பிள்ளை ஒண்ணுக்குப் போயிட்டாரு,” என்று எதிர்வீட்டுக்குச் சொன்னாள். எதிர்வீடு தெருவுக்குச் சொன்னது.

விடிந்து பார்த்தால் பந்தலில் ஆட்கள். வாந்தி எடுத்த பிள்ளையோடு ஒருத்தி, அப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவன். யாரும் கூப்பிடவில்லை. சொந்த மருமகனைப் பிழைக்க வைத்த இடம் என்று அவர்களாகவே வந்துவிட்டார்கள். உத்திராபதி கட்டில்களைக் கொண்டுவந்து போட்டு, சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் தூவினார். பிரியாணி தேக்சாவில் தண்ணீர் கொதித்தது.

வெள்ளத்தில் மாட்டிக் கல்யாணத்துக்குத் தாமதமாக வந்த கூத்தாநல்லூர் உறவினர் ஒருவர், வாசலிலேயே ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, “சர்பத்துல உப்பு கூடிப்போச்சு,” என்றார். கட்டில்களைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிட்டார்.

அந்த வருஷம் அந்தப் பக்கத்தில் சாவு இல்லை. முகாமுக்கு இடம் பார்த்தது யார் என்று மேலதிகாரி கேட்டபோது, “நோயாளிங்க,” என்றாள் அன்னபூரணி. அடுத்த முறையும் அவர்களையே கேட்கச் சொல்லிவிட்டார் அவர்.

லத்தீப் துபாய்க்குக் கிளம்பிய அன்று பஸ் ஏறும்வரை மாமியார் கூடவே நடந்தாள். தண்ணியக் காய்ச்சிக் குடிங்க, வெயில்ல அலையாதீங்க, சட்டையில என்ன கறை என்று மூச்சுவிடாமல் பேசினாள். வழியனுப்ப வந்திருந்த அன்னபூரணியிடம் அவன் மெல்லக் கேட்டான்.

“டாக்டரம்மா, இதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்கா?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.