நெருப்பில் போட்ட காந்தம்

இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. என் மகள் கல்லூரிக்குக் கட்ட வேண்டியிருந்த பாக்கி அது. பழைய இரும்புக் கிடங்கில் எனக்கு ஒரு வாரத்துக்கும் மேலான கூலி. ஆய்வுக்கூடத்துக் காந்தக் கட்டை ஒன்றைக் கெடுத்ததற்காக எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் தேர்வுச் சீட்டு கிடையாதாம்.

கெட்டது இப்படித்தான். கல்லூரி விட்டதும் அவள் நேரே கிடங்குக்கு வந்துவிடுவாள். நான் இரும்பு வேறு பித்தளை வேறாகப் பிரிக்கிற கொட்டகையில், எடைமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். செய்முறைத் தேர்வுக்குப் பழக வேண்டுமென்று அந்தக் காந்தத்தைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதன்மேல் காகிதம் போட்டு இரும்புத்தூள் தூவினால், சீவிவிட்ட தலைமுடி மாதிரி தூள் வரி வரியாக நிற்கும். இரும்புத்தூளுக்கா எங்களிடம் பஞ்சம்? சாணைக்கல்லுக்கு அடியில் அள்ள அள்ளக் கிடக்கும். காகிதம் நழுவி, காந்தம் தூளுக்குள் விழுந்தது. எடுத்தபோது கம்பளிப்பூச்சிதான்.

ஊதினாள், துடைத்தாள், துணியால் உருவினாள். இந்தப் பக்கம் விட்டது அந்தப் பக்கம் போய் ஒட்டியது. கிடங்கில் வளர்ந்த புத்தி எங்கே போகும்? பிசுக்கோ ரப்பரோ ஒட்டினால் நாங்கள் நெருப்பில்தான் போடுவோம். அவளும் போட்டாள். நன்றாகச் சிவந்ததும் இடுக்கியால் எடுத்துத் தட்டினாள். தூள் பொலபொலவென்று உதிர்ந்தது.

“அம்மா, பாத்தியா!” என்று வாளித் தண்ணீரில் அமுக்கினாள். ஆறினதும் ஒரு குண்டூசிக்கு நேரே நீட்டினாள். ஊசி படுத்தது படுத்தபடி கிடந்தது. பெயிண்டும் கருகிப் போயிருந்தது. வடக்கு முனையில் ஆணியால் குழித்திருந்த புள்ளி மட்டும் மிச்சம்.

மறைக்காமல் போய்ச் சொன்னாள். பாக்கி எழுதி, கெட்ட காந்தத்தையும் அவள் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் கொட்டகையில் உட்கார்ந்து அழுகை.

“படிச்சிருந்தும் செஞ்சேம்மா. உள்ள ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். எல்லாம் ஒரே பக்கம் பாத்து நின்னாத்தான் வெளிய இழுக்கும். சூட்டுல ஆளுக்கொரு பக்கம் திரும்பிருச்சு.”

“கூலி ஒசத்திக் கேக்கப் போன அன்னிக்கு எங்க ஆளுங்க திரும்பின மாதிரி.”

அவள் சிரிக்கவில்லை. “அணுவுக்குள்ள எலக்ட்ரான்னு ஒண்ணு. அதுவும் காந்தந்தான். மேல பாக்குறியா, கீழ பாக்குறியான்னு கேட்டா, மேலங்கும், இல்ல கீழங்கும். நடுவாந்தரமா ஒரு பதிலே கெடையாது. ஆனா கேக்குறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னா, ரெண்டும் கலந்த மாதிரி.”

“உங்கப்பா சம்பளம் மாதிரின்னு சொல்லு. கேக்குற வரைக்கும் வந்த மாதிரியும் இருக்கும், வராத மாதிரியும் இருக்கும்.”

இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். “எனக்கு அந்தப் பாடம் புரிஞ்சிருச்சும்மா. அதான் வயித்தெரிச்சல். பரீட்சை எழுதினாத் தேறிருவேன். பெரிய காந்தம் ஒண்ணு இருந்தா இதுக்குள்ள இருக்கறதையெல்லாம் மறுபடி ஒரே பக்கம் திருப்பி...”

பேச்சு பாதியில் நின்றது. எங்கள் தலைக்கு மேலே, வட்டச் சட்டி மாதிரி தொங்கிய காந்தத்தில் ஒரு லாரிச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கிரேன் போய்க்கொண்டிருந்தது.

கிரேன் ஓட்டுகிறவரைக் கிடங்கில் எல்லோரும் கொக்கு என்பார்கள். கழுத்து அப்படி. எனக்குக் கொக்கண்ணன். சாயங்காலம் டீ நேரத்தில் போய்க் கேட்டோம்.

“ஏன் தங்கச்சி, யானையக் கூட்டியாந்து ஊசியில நூல் கோக்கச் சொல்றியே?”

“மாமா, ஒரு நிமிஷ வேலை,” என்றாள் இவள்.

“ஒரு நிமிஷம்னு சொல்லித்தான் உங்கம்மா எங்கிட்ட அம்பது ரூவா கைமாத்து வாங்கினா, மருமகளே. போன வருஷம்.” சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறிவிட்டார்.

இவள் ஒரு பலகையைத் தரையில் போட்டாள். சட்டியின் நடுவில் ஒரு துருவம், விளிம்பில் இன்னொன்று என்று சொல்லி, காந்தத்தின் ஒரு நுனி நடுவுக்கும் மறுநுனி விளிம்புக்கும் வருகிற மாதிரி வைத்தாள். தள்ளி நின்றோம். சட்டி இறங்கியது. ‘டக்’ என்று பிடித்தது, விட்டது.

எடுத்து நூலில் கட்டித் தொங்கவிட்டாள். ஆடி ஆடி நின்றது. “ஐயோ, புள்ளி தெக்கப் பாக்குது!”

“இழுக்குதுல்ல? எங்க பாத்தா என்ன, உன்னையா மொறைக்குது?” என்று மேலிருந்து குரல்.

“புள்ளி வடக்கதான் பாக்கணும் மாமா. இல்லாட்டி இத வச்சுப் படிக்கிற எல்லாருக்கும் தலைகீழா வரும்.”

திருப்பி வைத்தாள். கொக்கண்ணன் முணுமுணுத்தபடி இன்னொரு முறை இறக்கினார். இந்தத் தடவை புள்ளி வடக்கே போய் நின்றது.

வெள்ளிக்கிழமை அரைநாள் கூலியை விட்டுவிட்டு நானும் கூடப் போனேன். ஆய்வுக்கூடத்துப் பொறுப்பாளர் காந்தத்தைக் குண்டூசி டப்பாவுக்கு மேலே காட்டினார். பாதி டப்பா எழுந்து வந்து ஒட்டிக்கொண்டது. பெட்டியிலிருந்து அதன் ஜோடியை எடுத்துக் காட்டினார். நாலு ஊசி வந்தது, ஒன்று விழுந்தது.

“எங்க வச்சும்மா இதைச் சரி பண்ணினே?”

அவள் சொன்னாள். அவர் தாடையைச் சொறிந்தார். “எல்லாம் சரிதான். ஆனா பாக்கின்னு புத்தகத்துல ஏறிருச்சே. திரும்பச் சரி பண்ணிட்டா அடிச்சிரலாம்னு எங்கயும் எழுதலியேம்மா.”

மகளின் முகம் விழுந்துவிட்டது. அவரோ மேசைக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தார். உள்ளே வரிசையாகக் காந்தங்கள்.

“இதுங்க எல்லாமே கிழடு தட்டிப்போச்சு. வருஷா வருஷம் புதுசு கேட்டு எழுதுறேன், வர்ற பாடா இல்ல. அந்த கிரேன்ல இதையும்...” என்று இழுத்தார்.

“செய்யலாம் சார்,” என்றேன் நான். “கூலி எவ்வளவு குடுப்பீங்க?”

மகள் என் முழங்கையைக் கிள்ளினாள். நான் கையை நகர்த்தவில்லை.

“எவ்வளவும்மா கேக்குறீங்க?”

“ரெண்டாயிரத்து முந்நூத்து நாப்பது.”

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு புத்தகத்தை விரித்து, எங்கள் தொகையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.