படிவத்தில் இல்லாத பெயர்

கொழும்பில் வீடு தேடி நான் ஆறு புரோக்கர்மாரைப் பார்த்தேன். ஆறு பேரும் புளுகர்கள். ஒருவன் கைப்பேசியில் ஒரு வீட்டைக் காட்டிவிட்டு வேறொரு வீட்டுக்குக் கூட்டிப்போனான். இன்னொருவன் "கடல் தெரியும் அக்கா" என்றான். தெரிந்ததுதான், குளியலறை வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றால். காளியப்பன் என்பவர் சாமிப் படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்து காட்டிய வீட்டின் வாசலில், அதே வீட்டை வாடகைக்கு எடுத்த இரண்டு குடும்பங்கள் சண்டை பிடித்துக்கொண்டு நின்றன.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆறு பேருக்கும் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் வாயால் வீடு கிடைக்காது. என் ஏழு வயது மகள் மிதுனா யாழ்ப்பாணத்தில், காலஞ்சென்ற என் கணவரின் தங்கை சிவமணியோடு இருந்தாள். நான் வேலைக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். "பிள்ளை என்ன பார்சலே, அங்கயும் இங்கயும் அனுப்ப? ஒழுங்கான வீடு எடு சுதர்சினி. இல்லாட்டி அவள் என்னோடயே இருக்கட்டும்" என்றாள் மச்சாள். ஒருநாள் வீடியோ அழைப்பில் மிதுனா என்னோடு கதைத்துக்கொண்டிருந்தவள், திரும்பிச் சிவமணியைப் பார்த்து "அம்மா, தண்ணி" என்றாள். அழைப்பை வெட்டிவிட்டு விடுதிப் படுக்கையில் இருந்து அழுதேன்.

என்னோடு வேலை செய்யும் நிப்லாதான் நஸீறாவின் ஏஜென்சியைச் சொன்னாள். கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடி. "அவ வியாபாரத்த விட்டாலும் விடுவா, பொய் சொல்ல மாட்டா" என்றாள்.

நஸீறாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் வேலை செய்யும் விதமே புதிது. வீட்டின் குறைகளை ஒரு தாளில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் வீட்டைக் காட்டுவார். வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், இரண்டாம் மாடி வீடொன்றுக்கு அப்படி வாசித்தார்.

"காலையில தண்ணி மெதுவாத்தான் வரும். ரயில் போனா அலுமாரிக் கண்ணாடி அதிரும். பின்னேரம் அஞ்சு மணிக்கு ஒத்தர் கதவத் தட்டுவாங்க. தொறந்தா யாரும் இருக்க மாட்டாங்க. மூணு குடும்பம் அதாலதான் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பேயையும் குறைப்பட்டியலில் எழுதுகிற மனுசி எதைத்தான் மறைக்கப் போகிறார் என்று நினைத்து, சந்தோசமாகக் கையெழுத்து வைத்தேன்.

நான் வீட்டைப் பார்த்துச் சரி என்ற பிறகு, பொலிசுக்குக் கொடுக்கும் பதிவுப் படிவத்தை எடுத்தார். வீட்டில் இருப்பவர்கள் எல்லோருடைய பெயரும் அதில் இருக்க வேண்டும்.

"எத்தன பேரு?"

"ரெண்டு பேர். நானும் மகளும்."

"வேற? வீட்டு வேலைக்கு, சமையலுக்கு யாராவது?"

"இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒத்தரையும் விட வேணாம்." பேனையைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எரிச்சலோடு தலையாட்டினேன். அவர் படிவத்தில் இரண்டு பெயர்களை எழுதினார்.

ஜனவரியில் மிதுனா வந்தாள். நான் காலையில் அலுவலகம் போய், இரண்டு மணிக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தேன். முதல் நாளே, சரியாக ஐந்து மணிக்கு, கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. பலமாகத் தட்ட உரிமையில்லாத ஒருவர் தட்டுவது போல, மெதுவாக. கதவின் சிறுகண்ணாடியால் பார்த்தேன். வெளியே வெளிச்சம், வெறும் படிகள். திறந்தேன். வாசலில், கீரைக்கட்டில் இருந்து சொட்டியது போலக் கொஞ்சம் ஈரம். துடைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

ஒவ்வொரு நாளும் அதேதான். இரண்டாம் வாரம், நான் அறைக்குள் கணினியோடு இருந்தபோது ஹோலில் மிதுனாவின் குரல் கேட்டது. கதவில் காதை வைத்துக்கொண்டு "பொறுங்கோ, கேட்டுச் சொல்றன்" என்றாள். அவளுடைய கை தாழ்ப்பாளில் இருந்தது. ஓடிப்போய் இழுத்தெடுத்தேன்.

"ஆரோட கதைச்சனி?"

"ஒரு அன்ரி. அவ உள்ள விடச் சொல்லிக் கேக்கேல்லை அம்மா." பிறகு, தன் குரலை விட்டு வேறொரு குரலில், இழுத்துச் சொன்னாள்: "'என் பேரு இருக்கான்னு பாருங்கம்மா.' அவ்வளவுதான் கேக்கிறா."

எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அது தேயிலைத் தோட்டத்துப் பேச்சு. என் பிள்ளை மலைநாட்டைக் கண்டதேயில்லை.

அன்றிரவு வீடியோ அழைப்பில் அவள் அதை அத்தையிடமும் சொல்லிவிட்டாள். "பின்னேரத்தில நீ அறைக்க, பிள்ளை தனிய கதவோட கதைக்குதோ?" என்று சிவமணி என்மேல் பாய்ந்தாள். "வெள்ளிக்கிழமை வாறன். உடுப்பை அடுக்கி வை."

மறுநாள் நஸீறாவின் மேசைக்கு முன்னால் போய் நின்று கத்தினேன். "தட்டுற ஆள் ஆர் எண்டு உங்களுக்குத் தெரியும். மறைச்சிட்டீங்கள்."

அவர் மறுக்கவில்லை. அலுமாரியைத் திறந்து பழைய கோப்பொன்றை எடுத்து, யுத்த காலத்து, 2008ஆம் ஆண்டுப் படிவம் ஒன்றை என் முன்னால் வைத்தார். சிவபாதசுந்தரம், மனைவி, இரண்டு பிள்ளைகள். நான்கு பெயர்.

"அந்த வீட்டுல அஞ்சு பேரு இருந்தாங்க. சமையலுக்கு அட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பொம்புள, பழனியம்மா, முப்பத்துநாலு வயசு. அடையாள அட்டை இல்ல. 'அவளுக்கு எதுக்குப் பதிவு, வீண் கரைச்சல், விடுங்கோ'ன்னு அந்த வீட்டு ஐயா சொன்னாரு. என்ட வாப்பாதான் படிவம் எழுதினது. விட்டுட்டாரு. ஒரு பின்னேரம் மார்க்கட்டுக்குப் போய் வாற வழியில பொலிஸ் சோதன. அந்த முகவரிப் படிவத்துல பேரு இல்லன்னு புடிச்சிட்டாங்க. வீட்டுல வந்து கேட்டிருக்காங்க. பயத்துல, 'அப்பிடி ஒத்தரும் எங்களோட இல்ல'ன்னு சொல்லிட்டாங்க. அதுக்குப் பொறகு அவ வரல்ல. அந்தக் குடும்பம் கனடாவுக்குப் போச்சு."

கோப்பை மூடினார். "தட்டுறத எல்லாருக்கும் சொல்லுவேன். வாப்பா செஞ்சத மட்டும் சொல்ல வாய் வரல்ல, தங்கச்சி."

கத்த வந்த நான் நாற்காலியை இழுத்து இருந்தேன். நான் சின்னப் பிள்ளையாய்க் கொழும்பில் இருந்தபோது எங்கள் வீட்டிலும் ஒரு பெண் வேலைக்கு இருந்தாள். என் தலையை அவள்தான் பின்னிவிடுவாள். அப்பா எழுதிய படிவத்தில் அவள் பெயர் இருந்ததா? அவள் பெயர் என்ன? "பிள்ளை" என்றுதான் கூப்பிட்டோம். அந்த நாற்காலியில் இருந்து எவ்வளவு யோசித்தும் பெயர் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"புதுப் படிவம் ஒண்டு தாங்கோ" என்றேன்.

மூன்றாவது வரியில் பழனியம்மா என்று என் கையாலேயே எழுதினேன். வயது, முப்பத்துநான்கு. அடையாள அட்டை இலக்கம், இல்லை. உறவு என்ற இடத்தில் பேனை நின்றது. "எங்கள் வீட்டு ஆள்" என்று எழுதினேன்.

"செக் பண்ண வருவாங்க" என்றார் நஸீறா. "பொய்ப் பதிவுன்னு தெரிஞ்சா வீடு போயிடும்."

"தெரியும்."

வெள்ளிக்கிழமை வந்தது. சிவமணி வந்து, ஹோலில் மிதுனாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. இந்தமுறை பலமாக. பொலிஸ் உத்தியோகத்தர், கையில் கோப்பு. தனக்குத் தெரிந்த தமிழில் மரியாதையாகத்தான் கேட்டார்.

"சுதர்சினி?"

"நான்தான்."

"மிதுனா?"

பிள்ளை கையை உயர்த்தினாள்.

"பழனியம்மா?"

வீடு போகப் போகிறது, பிள்ளையும் போகப் போகிறாள். கடைக்குப் போய்விட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். உடனே அந்தப் பொய்யின் அவலம் எனக்கே விளங்கி, வாயை மூடிக்கொண்டேன்.

"இருக்கேங்க."

குரல் குசினிக்குள்ளிருந்து வந்தது. கூடவே, குழாயில் கீரை கழுவும் சத்தம். உத்தியோகத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு சரி போட்டார்.

சிவமணி என் பக்கம் குனிந்தாள். "குசினிக்க ஆர்?"

"எங்கட வீட்டு ஆள்" என்றேன்.

"ஆள் வைச்சிருக்கிறன் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே! நான் விசரி மாதிரி பஸ் பிடிச்சு வந்திருக்கிறன்." பையைக் கீழே வைத்தாள். மிதுனா அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினாள். குசினியில் குழாய் நின்றது.

வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே உத்தியோகத்தர் சொன்னார்: "வீட்டுல இருந்து யாரும் போனா, எங்களுக்குச் சொல்லணும்."

"ஆரும் போகமாட்டினம்" என்றேன்.